துப்பாக்கி ஓயும் நேரம்: மேசைப் போர் விளையாட்டுக்கு எந்த இலகு இயந்திரத் துப்பாக்கி?

இரண்டாம் உலகப் போரையோ அதற்குப் பிந்தைய போர்களையோ களமாகக் கொண்டு, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு ஒன்றைத் தொடராக நடத்த முடிவு செய்யும் குழு, வரைபடம் விரிப்பதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஆட்டக்காரர்களின் பிரிவு எந்த இலகு இயந்திரத் துப்பாக்கியைச் சுமந்து செல்லப் போகிறது என்பதே அது. ரைஃபிளை மாற்றினால் ஆட்டத்தில் பெரிய வேறுபாடு எதுவும் தெரிவதில்லை. ஆனால், காலாட்படைப் பிரிவு என்பது இயந்திரத் துப்பாக்கியைச் சுற்றியே நகரும் அமைப்பு என்பதால், அந்த ஒரு துப்பாக்கியை மாற்றினால் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் நால்வரின் வேலையும் மாறிவிடுகிறது.

பொதுவாக இந்தத் தேர்வை ஓர் அட்டவணையை வைத்துத்தான் செய்கிறோம். எடை, சுடு தொலைவு, சேதப் பகடை, நிமிடத்துக்கு எத்தனை தோட்டா என்று நான்கு பத்திகள் இட்டு, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் எண்களை நிரப்பி, கூட்டிக் கழித்துப் பார்க்கிறோம். நானும் பல தொடர்களை அப்படித்தான் தொடங்கினேன். எண்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனாலும் மூன்றாவது அமர்வுக்குள் பிரிட்டிஷ் படையின் பிரென் துப்பாக்கியும் ஜெர்மன் படையின் எம்ஜி 42-உம் வேறு வேறு பெயர் கொண்ட ஒரே கருவியாக நடந்துகொள்ளத் தொடங்கின. அட்டவணையின் எந்தப் பத்தி ஆட்டத்துக்கு உண்மையில் உதவுகிறது என்பதை அதன் பிறகுதான் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன்.

முதலில் விழுவது சுடு தொலைவுப் பத்தி. இருகால் தாங்கியில் நிறுத்திச் சுடும்போது இந்தத் துப்பாக்கிகள் எல்லாமே சில நூறு மீட்டருக்குப் பயன்படக்கூடியவை. நம் வரைபடத்தில் ஒரு கட்டம் இரண்டு மீட்டர் என்றால், மேசையின் முழு நீளமும் நூறு மீட்டரைத் தாண்டுவது அரிது. அடுத்து விழுவது சேதப் பத்தி. பிரென் சுடும் .303 தோட்டாவும், எம்ஜி 42 சுடும் 7.92 மி.மீ. தோட்டாவும், அமெரிக்கர்களின் .30-06 தோட்டாவும், சோவியத் 7.62×54 தோட்டாவும் ஆற்றலில் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. அவற்றில் எது பட்டாலும் ஒரு பாத்திரத்துக்கு நேர்வதில் பகடையால் பிரித்துக் காட்டக்கூடிய வேறுபாடு இல்லை. பிற்காலத்து 5.56 மி.மீ. தோட்டாவுக்கும் 7.62×39 தோட்டாவுக்கும் மட்டும் ஒரு படி குறைத்தால் போதும்.

எடையை ஒதுக்கிவைத்தால், எஞ்சியிருப்பவை சுடும் வேகமும், அட்டவணையில் இடம்பெறாத தோட்டா ஊட்டும் முறை, குழலின் சூடு ஆகிய இரண்டும். இவை மூன்றும் சேர்ந்து, ஒரு துப்பாக்கி எவ்வளவு நேரம் தொடர்ந்து பேசும், எப்போது ஓயும், ஓய்ந்தால் எவ்வளவு நேரம் ஓய்ந்திருக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஆட்டத்தில் இயந்திரத் துப்பாக்கியின் முதன்மையான வேலை எதிரியைத் தலைதூக்க விடாமல் வைத்திருப்பது. ஆகவே அது ஓயும் நேரத்தில்தான் யாராவது எழுந்து ஓடுகிறார்கள், யாராவது ஒரு முடிவை எடுக்கிறார்கள். துப்பாக்கியை அது ஓயும் நேரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இதை மேசையில் அளப்பதற்கு நான் பயன்படுத்தும் விதி எளியது. ஓர் ஆட்டச் சுற்று ஆறு நொடி. ஐந்து தோட்டாக்கள் ஒரு கொத்து. ஒரு கொத்துக்கு ஒரு வில்லை, அதாவது மேசையில் வைக்கும் ஒரு சிறு வட்டக் காய். துப்பாக்கியாளர் வரைபடத்தில் அடுத்தடுத்த சில கட்டங்களைத் தன் சூட்டுப் பட்டையாக அறிவிக்கிறார். அவருடைய அடுத்த முறை வரும்வரை அந்தப் பட்டைக்குள் நகர முயலும் எவரும் மன உறுதிக்குப் பகடை உருட்ட வேண்டும், தவறினால் இருந்த இடத்திலேயே படுத்துவிட வேண்டும். பட்டையைக் காப்பதற்குச் சுற்றுதோறும் வில்லைகளைச் செலுத்த வேண்டும். பிரென் போன்ற நிதானமான துப்பாக்கிக்கு மூன்று கட்டப் பட்டை, சுற்றுக்கு இரண்டு வில்லை. எம்ஜி 42-க்கு ஐந்து கட்டப் பட்டை, சுற்றுக்கு நான்கு வில்லை. எம்ஜி 42 நிமிடத்துக்குச் சுமார் 1,200 தோட்டாக்களை வெளியேற்றுவது. அதாவது விசையை ஒரு நொடி அழுத்தினாலே இருபது தோட்டாக்கள் போய்விடும். நான்கு வில்லை என்பது அந்த ஒரு நொடியின் விலைதான்.

இனி பிரெனை எடுத்துக்கொள்வோம். செக்கோஸ்லோவாக்கியாவின் பிர்னோ நகரில் உருவான இசட்பி வகைத் துப்பாக்கியைத் தழுவி இங்கிலாந்தின் என்ஃபீல்டில் தயாரிக்கப்பட்டதால், இரண்டு ஊர்ப்பெயர்களின் முதலெழுத்துகளும் சேர்ந்து இதற்குப் பெயராயின. 1938-இல் பிரிட்டிஷ் படையில் சேவைக்கு வந்தது. எடை சுமார் பத்து கிலோ. நிமிடத்துக்குச் சுமார் 500 தோட்டா. மேற்புறத்தில் செருகும் வளைந்த மேகசினில், அதாவது கழற்றி மாட்டும் தோட்டாக் கூட்டில், முப்பது தோட்டா. சுற்றுக்கு இரண்டு வில்லை என்ற கணக்கில் ஒரு மேகசின் மூன்று சுற்றுகளில் தீர்ந்துவிடும். அதாவது பதினெட்டு நொடிக்கு ஒரு முறை பிரென் ஓயும். ஆனால் அது மிகச் சிறிய ஓய்வு. பக்கத்தில் உதவியாளர் இருந்தால், அவர் காலி மேகசினை மேலிருந்தே கழற்றிப் புதியதைச் செருகிவிடுவார், துப்பாக்கியாளர் தோளிலிருந்து துப்பாக்கியை அசைக்கவும் தேவையில்லை. ஆகவே என் விதியில், உதவியாளர் இருக்கும்வரை மேகசின் மாற்றுவதற்குத் துப்பாக்கியாளரின் செயல் செலவாவதில்லை. உதவியாளர் வீழ்ந்துவிட்டால் முழுச் சுற்றும் செலவாகும். இந்த ஒரு விதியால், வேறு எந்த ஆட்டத்திலும் கேட்பாரற்றுக் கிடக்கும் ‘இரண்டாம் எண்’ எனப்படும் உதவியாளர் பாத்திரம், பிரிவின் உயிர்நாடியாக மாறிவிடுகிறது.

பிரெனின் உண்மையான சிறப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் காலாட்படையினர் மார்பில் அணிந்த 1937 மாதிரிப் பைகள் பிரென் மேகசினைக் கொள்ளும் அளவுக்கே வடிவமைக்கப்பட்டவை. ரைஃபிள் வைத்திருக்கும் வீரரும் பிரெனுக்கான மேகசின்களைச் சுமந்தார். ஆட்டத்தில் இதை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆட்டக்காரரின் பாத்திரத் தாளிலும் இரண்டு மேகசின்களை எழுதிக் கொடுத்தேன். எங்கள் குழுவில் ஓர் அமர்வு இன்னும் கண்முன் நிற்கிறது. இடிந்த சுவருக்கு இப்பால் துப்பாக்கியாளர். அவரிடம் கடைசி மேகசினில் இரண்டே வில்லைகள். தெருவுக்கு அப்பால், பன்னிரண்டு கட்டத் தொலைவில், ரைஃபிள் வீரர். அவர் பையில் இரண்டு முழு மேகசின்கள். இடையில் எதிரியின் சூட்டுப் பட்டை. துப்பாக்கியாளர் இரண்டு வில்லைகளையும் மேசையின் நடுவே தள்ளி வைத்து, “இப்போது ஓடு” என்றார். ஆறு கட்டம்தான் ஓட முடிந்தது. அடுத்த சுற்று முழுவதும் மேசையில் எந்தத் துப்பாக்கியும் பேசவில்லை, ரைஃபிள் வீரர் கிணற்று மேட்டுக்குப் பின்னால் படுத்தபடி ஒரு மேகசினைத் தெருவில் சறுக்கிவிட்டார். சேதப் பகடை ஒன்றுகூட உருளாத அந்த இரண்டு சுற்றுகளைப் பற்றித்தான் குழுவினர் பிறகு பல வாரங்கள் பேசினார்கள்.

பிரெனுக்குச் சிக்கல் விதி ஒன்றும் தேவை. அதையும் வரலாறே தருகிறது. .303 தோட்டாவின் அடிப்பகுதியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். மேகசினை நிரப்பும்போது மேலே வரும் தோட்டாவின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் அமைய வேண்டும். பின்னால் அமைந்துவிட்டால் ஒன்றை ஒன்று பற்றிக்கொண்டு ஊட்டல் நின்றுவிடும். ஆகவே, அமைதியாக இருக்கும்போது நிரப்பிய மேகசினுக்குச் சிக்கல் பகடை கிடையாது, சூட்டுக்கு நடுவே அவசரமாக நிரப்பியதற்கு மட்டும் உண்டு என்று வைத்தேன். சிக்கலுக்குக் காரணம் தங்கள் செயலே என்று தெரிந்தால் ஆட்டக்காரர்கள் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். வெறும் பகடையின் விருப்பம் என்றால் மனம் சலிக்கிறார்கள்.

எம்ஜி 42 வேறு வகையான துப்பாக்கி. சுமார் பதினொன்றரை கிலோ எடை கொண்டது, தோட்டாப்பட்டையால் ஊட்டப்படுவது. நகரும்போது ஐம்பது தோட்டா கொண்ட உருளையைப் பக்கவாட்டில் மாட்டிக்கொள்ளலாம். நிலையாக அமர்ந்தால் ஐம்பது தோட்டாப் பட்டைகளைக் கோத்து 250 வரை நீட்டலாம். சுற்றுக்கு நான்கு வில்லை என்ற கணக்கில் உருளை இரண்டரைச் சுற்றில் தீர்ந்துவிடும். 250 தோட்டாப் பட்டையோ பன்னிரண்டு சுற்றுகள் வரும். ஆனால் அதற்கு முன்பே குழல் குறுக்கே வந்து நிற்கும். தொடர்ந்து சுட்டால் 150 முதல் 250 தோட்டாக்களுக்குள் குழலை மாற்ற வேண்டும் என்பது இந்தத் துப்பாக்கியின் இயல்பு. குறைந்த எல்லையை எடுத்துக்கொண்டால் ஏழு, எட்டு சுற்றுகளுக்குப் பிறகு துப்பாக்கியாளர் வலப்பக்கத் தாழைத் திறந்து, கொதிக்கும் குழலை வெளியே தள்ளி, புதியதைச் செருகியாக வேண்டும். பழகிய கைகளுக்குச் சில நொடிகளே ஆகும். ஆட்டத்தில் அது சரியாக ஒரு சுற்று.

ஆக, பிரென் அடிக்கடி சிறிதாக ஓய்கிறது. எம்ஜி 42 அரிதாக, ஆனால் முழுமையாக ஓய்கிறது. இந்த வேறுபாட்டைத்தான் அட்டவணை எனக்குக் காட்டவில்லை.

எம்ஜி 42-இன் ஒலியையும் விதியாக்க வேண்டும். அதன் வேகத்தில் தனித்தனி வெடிகளைக் காது பிரித்தறிய முடியாது; துணியைக் கிழிப்பது போன்ற ஒரே ஓசைதான் கேட்கும். தன் வீரர்களின் அச்சத்தைத் தணிக்க அமெரிக்கப் படை ஒரு பயிற்சிப் படமே எடுக்க வேண்டியிருந்தது என்பது அந்த ஓசையின் வலிமைக்குச் சான்று. ஆகவே, அதை முதன்முறை கேட்கும் பாத்திரத்துக்கு மன உறுதிப் பகடையில் இரண்டு குறைத்து, மூன்று மோதல்களில் தப்பிப் பிழைத்த பாத்திரத்துக்கு அந்தக் குறைப்பை நீக்கிவிடுகிறேன். தொடர் ஆட்டத்தில் பாத்திரங்கள் முதிர்வதைப் புள்ளிகள் கூடுவதைவிட இது நன்றாக உணர்த்துகிறது.

அப்படியானால் ஆட்டக்காரர்களின் கையில் எம்ஜி 42-ஐயே கொடுக்கலாமே என்று கேட்கலாம். வலிமையில் அதற்கு நிகரில்லை. ஆனால் ஜெர்மன் பிரிவில் மற்றவர்கள் ஐந்து தோட்டா ரைஃபிளை வைத்துக்கொண்டு, அந்த ஒரு துப்பாக்கிக்குத் தோட்டா சுமப்பவர்களாகவும் காவலர்களாகவுமே இயங்கினார்கள். அதை உண்மையாக நடித்தால் நான்கு ஆட்டக்காரர்களில் ஒருவருக்கு மட்டுமே வேலை. மற்ற மூவர் பெட்டி தூக்குவார்கள். ஆகவே இது எதிர்த்தரப்பில் இருக்க வேண்டிய துப்பாக்கி என்றே நான் உறுதியாக எண்ணுகிறேன்.

இதற்கு நேர்மாறான நிலை அமெரிக்கர்களின் பிரௌனிங் தானியங்கி ரைஃபிளுக்கு. இதன் 1918ஏ2 வகை ஒன்பது கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இருபது தோட்டா மேகசின், அதுவும் அடிப்புறத்தில். களத்தில் மாற்றக்கூடிய குழல் கிடையாது. நம் கணக்கில் இரண்டு சுற்றுகளில் மேகசின் தீர்ந்துவிடுகிறது. தனியாக வைத்துப் பார்த்தால் இந்த ஒப்பீட்டிலேயே பலவீனமானது இதுதான். ஆனால் இதைச் சுற்றியிருக்கும் வீரர்கள் எட்டுத் தோட்டா கொண்ட, ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் எம்1 ரைஃபிளை வைத்திருந்தார்கள். துப்பாக்கி ஓயும்போது மற்றவர்களே சூட்டுப் பட்டையைக் காக்கலாம். எம்1 வைத்திருக்கும் இருவர் சேர்ந்து ஒரு கட்டப் பட்டையை அறிவிக்கலாம் என்று விதியைத் தளர்த்தினால் அமெரிக்கப் பிரிவு உயிர்பெறும். உதவியாளர் இல்லாமலே இயங்கக்கூடியது என்பதால், மூன்றே ஆட்டக்காரர்கள் உள்ள மேசைக்கு இதையே பரிந்துரைப்பேன்.

சோவியத் டிபி-27 எனக்கு மிகவும் பிடித்த துப்பாக்கி என்பதை மறைக்க வேண்டியதில்லை. மேலே தட்டு போலக் கிடக்கும் மேகசினில் 47 தோட்டா. எடை ஒன்பது கிலோ அளவு. வேகம் நிமிடத்துக்குச் சுமார் 550. ஒரு தட்டு நான்கு சுற்றுகளுக்கும் சற்று அதிகமாக வரும். பிரெனைவிட நீளம், எம்ஜி 42-ஐவிடச் சிக்கனம். ஆனால் அந்தத் தட்டு மார்புப் பைக்குள் அடங்காது. மூன்று தட்டுகள் கொண்ட பெட்டியாகத் தூக்கிச் செல்ல வேண்டும், காலியானதை மீண்டும் நிரப்புவதும் பொறுமையைச் சோதிக்கும் வேலை. தவிர, சுட்ட பின் பொறியை மீண்டும் முன்னுக்குத் தள்ளும் சுருள்வில் குழலுக்குக் கீழேயே அமைந்திருப்பதால், நெடுநேரம் சுட்டால் வெப்பத்தில் அது தளர்ந்துவிடும். இடைவெளியின்றி இரண்டு தட்டுகளைத் தீர்த்தால் ஒரு பகடை, தவறினால் அந்தக் காட்சி முடியும்வரை சுற்றுக்கு ஒரே வில்லைதான் சுட முடியும் என்பது என் விதி. 1944-இல் வந்த டிபிஎம் வகையில் சுருள்வில்லைப் பின்னுக்கு நகர்த்தி அந்தக் குறையைத் தீர்த்தார்கள் என்பதால், தொடரின் காலம் 1944-ஐக் கடக்கும்போது இந்த விதியை நீக்கிவிட்டு, புதிய துப்பாக்கியை ஒரு பரிசாகவே பிரிவுக்கு வழங்கலாம். வழங்கல் குறைந்து, ஒவ்வொரு தட்டையும் எண்ணி வாழும் நெடுந்தொடருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

போருக்குப் பிந்தைய காலத்தைத் தேர்ந்தெடுத்தால் கேள்வியின் தன்மையே மாறுகிறது. பெல்ஜியத்தின் மினிமி, அதன் அமெரிக்க வடிவமான எம்249 ஆகியவை 5.56 மி.மீ. தோட்டாவைச் சுடுபவை, பெட்டியில் 200 தோட்டா. நம் கணக்கில் அது நாற்பது வில்லை, இருபது சுற்றுகள். எங்கள் மேசையில் ஒரு மோதல் பன்னிரண்டு சுற்றுகளைத் தாண்டியதே இல்லை. ஆகவே மினிமி ஆட்டத்துக்குள் ஓயவே ஓயாது. நான் வைத்த அளவுகோலின்படி இது ஆட்டத்தைத் தட்டையாக்கும் துப்பாக்கி. ஆனாலும் ஒரு வாய்ப்பு உண்டு: தோட்டாப்பட்டை தீர்ந்தால் சாதாரண எம்16 ரைஃபிளின் மேகசினையும் அதன் பக்கவாட்டில் செருகிச் சுடலாம், அப்போது சிக்கல் ஏற்படும் வாய்ப்பு கூடும். மறுவழங்கல் இன்றிப் பின்வாங்கும் தொடரில், பட்டை தீர்ந்த பிறகு தோழர்களிடம் மேகசின் கேட்கும் அந்தக் கட்டத்துக்காகவே மினிமியைத் தேர்ந்தெடுக்கலாம்.

சோவியத் ஆர்பிகே எளிமையானது. 4.8 கிலோ, நாற்பது தோட்டா மேகசின் அல்லது 75 தோட்டா உருளை, குழலை மாற்ற முடியாது. ஏகேஎம் ரைஃபிளின் மேகசின் இதிலும் பொருந்துவதால், பிரெனில் கண்ட பகிர்வு இங்கேயும் கிடைக்கிறது; நவீனக் களத்தில் பிரெனின் இடத்தைப் பிடிப்பது இதுவே. ஏழரைக் கிலோ எடையில் முழு ஆற்றல் தோட்டாவைச் சுடும் சோவியத் பிகேஎம் எல்லா வகையிலும் மிஞ்சி நிற்பதால், எம்ஜி 42-க்குச் சொன்ன காரணத்துக்காகவே அதையும் எதிரிக்குக் கொடுத்துவிடலாம்.

வியட்நாம் போரில் அமெரிக்கர்கள் சுமந்த எம்60-ஐ மட்டும் தனியாகக் குறிப்பிட வேண்டும். இருகால் தாங்கி குழலோடு சேர்ந்தே இருக்கும், குழலுக்குக் கைப்பிடியும் இல்லை. ஆகவே குழலை மாற்றும்போது உதவியாளர் வெப்பக் கையுறை அணிய வேண்டும், துப்பாக்கியாளர் தாங்கியின்றித் துப்பாக்கியைக் கைகளால் ஏந்திக்கொண்டிருக்க வேண்டும். பிரெனில் குழலின் மேலிருக்கும் கைப்பிடியைப் பற்றித் தூக்கினால் வேலை முடிந்தது. வியட்நாம் களத்தில் ஆடும் குழு இந்த வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது: கையுறை பாத்திரத் தாளில் ஒரு தனிப் பொருளாக எழுதப்பட வேண்டும், அது தொலையவும் கூட வேண்டும்.

நான்கு ஆட்டக்காரர்கள், முதல் தொடர் என்றால் என் தேர்வு தெளிவானது: ஆட்டக்காரர்களுக்குப் பிரென், எதிரிக்கு எம்ஜி 42. இந்த இணையில், ஆட்டத்தை நடத்துபவர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எம்ஜி 42-இன் வில்லைகளைத் திரைக்குப் பின்னால் எண்ணிக்கொள்ள வேண்டும். அது ஓயும்போது “எதிரியின் துப்பாக்கி நின்றுவிட்டது” என்று மட்டும் சொல்ல வேண்டும், ஏன் என்று சொல்லக் கூடாது. குழல் மாற்றுகிறார்களா, தோட்டாப்பட்டை தீர்ந்ததா, அல்லது யாராவது எழுந்து ஓடட்டும் என்று விசையில் விரலை வைத்துக் காத்திருக்கிறார்களா என்பதை ஆட்டக்காரர்களே கணித்துக்கொள்ளட்டும். எங்கள் குழுவின் இரண்டாம் எண், நான் கேட்காமலே, எதிரி சுட்ட சுற்றுகளைத் தன் தாளின் ஓரத்தில் கோடுகளாக இழுத்து எண்ணத் தொடங்கினார். ஏழு கோடுகள் ஆனதும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, மற்ற மூவரையும் பார்த்து விரலை உயர்த்துவார். அடுத்த சுற்றில் துப்பாக்கி நின்றால், எல்லோரும் ஒரே நேரத்தில் எழுவார்கள்.